பிரஸ் கிளப்புக்குப் போன் போட்டுக் கேட்கும் கேள்விகள்: வடசென்னை நிருபர்களின் பதில்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, பெரம்பூர் பக்கம் செய்தி எடுக்கும் நிருபர்கள், போட்டோகிராபர்கள், வீடியோ எடுப்பவர்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் சின்ன மன்றம் இது. ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லிக் குழப்பம் வருவதால் எழுதியே வைத்துவிடலாம் என்று முடிவாகி, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நடுநடுவே என் சொந்தக் கருத்தும் எட்டிப் பார்க்கும்.

சேப்பாக்கத்தில் இருக்கிறதே, அந்த பிரஸ் கிளப்பின் கிளையா நீங்கள்?

இல்லை. அங்கே இருப்பது சென்னை பத்திரிகையாளர் மன்றம். எங்களில் சிலர் அதிலும் உறுப்பினர்கள்தான், சண்டை எதுவும் இல்லை. ஆனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் ஒரு செய்தி எடுத்துவிட்டு, அதை டைப் அடித்து அனுப்ப சேப்பாக்கம் வரை வண்டி ஓட்டிக்கொண்டு போக யாராலும் முடியாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மொபைலில் பத்து சதவீதம் சார்ஜை வைத்துக்கொண்டு, பேப்பர் ஆபீஸில் செய்தியைத் திருத்திப் பக்கம் போடும் டெஸ்க்குக்கு அனுப்பியவர்கள் சேர்ந்து பிடித்த அறைதான் இது. நாலு மேசை, நிறைய பிளக் பாயின்ட், ஒரு ஃபேன், பழைய பேப்பர் கட்டு. முதலில் கேட்டதே பிளக் பாயின்ட்தான்.

யாரெல்லாம் உறுப்பினர் ஆகலாம்?

செய்தி எடுப்பது, எழுதுவது, படம் பிடிப்பது, எடிட் செய்வது இதில் ஏதோ ஒன்றைத் தொழிலாகச் செய்பவர்கள். முழுநேர ஊழியராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்களில் பாதிப் பேர் பகுதி நேர நிருபர்கள். வந்த செய்தியின் அளவைப் பார்த்துக் காசு தரும் லைனேஜ் கணக்கில் வேலை செய்பவர்கள். பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம், கடந்த ஒரு வருடத்தில் வந்த வேலைகளில் கொஞ்சம், ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இரண்டு பேரின் கையெழுத்து, இவ்வளவு போதும். பத்திரிகை முதலாளிகளுக்கும் விளம்பர ஏஜென்ட்டுகளுக்கும் உறுப்பினர் இடம் கிடையாது. ஏரியா நிருபரே சந்தாவும் விளம்பரமும் பிடித்துத் தர வேண்டிய நிலைமை நிறையப் பேப்பரில் இருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். அவரை வெளியே நிறுத்த மாட்டோம். விளம்பரம் மட்டும் பிடித்துக்கொண்டு நிருபர் என்று சொல்பவரைத்தான் நிறுத்துவோம்.

யூடியூப் சேனல் வைத்திருக்கிறேன், சேர்த்துக்கொள்வீர்களா?

சேனல் என்பதற்காக மறுக்க மாட்டோம், சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையையும் பார்க்க மாட்டோம். நீங்கள் நேரில் போய்ச் செய்தி எடுக்கிறீர்களா, இல்லை மற்ற சேனல் வீடியோவை வெட்டி மேலே குரல் போடுகிறீர்களா என்று பார்ப்போம். குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஒரு போனாவது போட்டுக் கேட்டிருக்கிறீர்களா, தப்பாகப் போனதைத் திருத்தியிருக்கிறீர்களா என்றும் கேட்போம். சிலர் இந்தக் கேள்விகளுக்கே கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சரி, போகட்டும். நன்றாகச் செய்யும் சேனல் தம்பிகளால் எங்களுக்குத்தான் லாபம். மழைக்காலத்தில் கொருக்குப்பேட்டை சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எங்கள் பேப்பர் மறுநாள் சொல்வதை அவர்கள் அந்த நிமிடமே காட்டிவிடுகிறார்கள்.

பிரஸ் கார்டு வேணும் சார், எவ்வளவு ஆகும்?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதியிருக்கலாம்.

நாங்கள் தருவது உறுப்பினர் அட்டை. அதைக் காட்டினால் இந்த அறைக்குள் வரலாம், கேரம் ஆடலாம், அவ்வளவுதான் அதன் பலம். நிருபர் என்பதற்கான அடையாள அட்டையை நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் தர வேண்டும். அரசு அங்கீகார அட்டை என்பது வேறு. அது செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக, நிறுவனத்தின் பரிந்துரையோடு வருவது. இதைத் தவிர, காசு வாங்கிக்கொண்டு 'மாவட்டச் செய்தியாளர்', 'மாநிலத் துணை ஒருங்கிணைப்பாளர்' என்று சிவப்பு எழுத்தில் பிரஸ் போட்டு ஒரு அட்டையும் கழுத்துப் பட்டியும் தருகிறார்களே, அதற்கு மதிப்பே இல்லை. நாலு அட்டை விற்றால் ஒரு மாத வாடகை வந்துவிடும் என்பதால் இது ஓடிக்கொண்டிருக்கிறது. போலிப் பத்திரிகையாளர்கள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில், மாநில அளவில் ஒரு பத்திரிகை கவுன்சில் அமைக்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்குப் போனது.

வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். 2024 மே 2-ஆம் தேதியிலிருந்து தனியார் வண்டிகளில் பிரஸ், போலீஸ், வக்கீல் என்று ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் மீது சென்னை போக்குவரத்து போலீஸ் நடவடிக்கை எடுக்க ஆரம்பித்தது. முதல் முறை 500 ரூபாய் அபராதம், மறுபடி சிக்கினால் 1,500. எங்கள் ஆட்களிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஸ்டிக்கரை நம்பித்தான் ஒருவரை போலீஸ் ஸ்டேஷனுக்குள் விடுகிறார்கள் என்றால் அவர் அந்த ஏரியாவில் செய்தியே எடுக்கவில்லை என்று அர்த்தம். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் முதல் டீ வாங்கி வரும் பையன் வரை முகம் தெரிந்தவருக்கு ஸ்டிக்கர் எதற்கு?

சலுகைகள் உண்டா?

மன்றத்தால் கிடைப்பது டீ. ரயிலில் அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர்களுக்கு இருந்த 50 சதவீதச் சலுகை 2020-ல் கொரோனா நேரத்தில் நிறுத்தப்பட்டது. மாநில அரசு 2021-ல் அறிவித்த பத்திரிகையாளர் நல வாரியம் இருக்கிறது, ஓய்வூதியத் திட்டமும் இருக்கிறது. அதற்கான விண்ணப்பங்களை நிரப்ப உதவுகிறோம். மூத்த நிருபர்களில் பலரிடம் இருபது வருட வேலைக்கான காகிதமே இருக்காது. பழைய பேப்பர் கட்டுகளை நாங்கள் எடைக்குப் போடாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் தெருவில் சாக்கடைத் தண்ணீர் குடிநீரில் கலக்குது, செய்தி போடுவீர்களா அண்ணே?

போட வைக்க முயற்சி செய்வோம். மன்றம் பேப்பர் நடத்தவில்லை என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். நிருபர் எழுதலாம், பக்கத்தில் வருமா என்பதை டெஸ்க்தான் முடிவு செய்யும், ராத்திரி ஒரு பெரிய விளம்பரம் வந்துவிட்டால் உங்கள் தெரு காணாமல் போய்விடும்.

வருவதற்கு முன்னால் மாநகராட்சி விஷயம் என்றால் 1913, குடிநீர், கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியத்தின் 1916, இதில் புகார் கொடுத்து எண்ணை வாங்கி வையுங்கள். "எங்களுக்குப் புகாரே வரவில்லை" என்று அதிகாரி சொல்லும்போது அந்த எண்ணைக் காட்டினால் பேச்சு அப்படியே மாறும், நான் பலமுறை பார்த்தது. வார்டு எண், தெரு, எப்போதிலிருந்து, எத்தனை வீடு, யாரிடம் போனீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து நெருக்கத்தில் எடுத்த படத்தை எல்லாரும் அனுப்புகிறார்கள். அது எந்த ஊர்த் தண்ணீராகவும் இருக்கலாம். தெருப் பெயர்ப் பலகையோ கோயிலோ பின்னால் தெரிகிற மாதிரி, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். அப்புறம், உங்கள் பெயரைப் போடலாமா வேண்டாமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். செய்தி வந்த பிறகு கவுன்சிலர் வீட்டிலிருந்து போன் வந்தது, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று வந்து நின்றால் இரண்டு பக்கமும் சங்கடம்.

வடசென்னை என்றாலே ஏன் கொலை, ரவுடி, வெள்ளம் என்றே செய்தி வருகிறது? நீங்கள் இந்த ஏரியா ஆட்கள்தானே?

கேட்க வேண்டிய கேள்வி. பெரம்பூரிலிருந்து ஒரு அக்கா போனில் இதைக் கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். இங்கே சொல்கிறேன்.

முதல் காரணம், குற்றச் செய்தி தயாராக வருகிறது. எஃப்ஐஆரில் பெயர், வயது, இடம், நேரம், பிரிவு எல்லாம் இருக்கும், ஸ்டேஷன் ரவுண்ட்ஸ் போனால் அரை மணி நேரத்தில் மூன்று செய்தி கிடைக்கும். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளைத் தவிர மற்ற எஃப்ஐஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதிலிருந்து வேலை இன்னும் சுலபம். ஆனால் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து இறால் குறைகிறது என்பதற்கு எஃப்ஐஆர் கிடையாது. படகில் போக வேண்டும், மீனவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்க வேண்டும், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவைப் படிக்க வேண்டும். லைனேஜ் கணக்கில் இரண்டுக்கும் ஒரே காசு. யார் படகு ஏறுவார்?

ஏறியவர்கள் இருக்கிறார்கள். எண்ணூர்ப் பக்கம் சாம்பலையும் தண்ணீரையும் பற்றி ஒற்றைப் பத்தியில், ஆறாம் பக்கத்தில், வருடக் கணக்கில் துணுக்குகள் வந்துகொண்டே இருந்தன. வெளியூர் கேமராக்கள் வந்தது 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டி, ஆட்கள் அதைப் பக்கெட்டில் அள்ளியபோதுதான். அடுத்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்துக்குள் வந்து படகும் வலையும் கருப்பானபோது. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியபோது எங்கள் போனெல்லாம் அலறின, டெல்லி வரைக்கும் லைவ் கேட்டார்கள். ஜனவரியில் திரும்பவும் ஆறாம் பக்கம்.

இரண்டாவது காரணம் தலைப்பு வைக்கும் இடம். தென்சென்னையில் வேளச்சேரியில் கொலை நடந்தால் 'வேளச்சேரியில் வாலிபர் கொலை' என்று வரும். வியாசர்பாடியில் நடந்தால் 'வடசென்னையில் பயங்கரம்'. யாரோ ஒருவர் செய்த கொலைக்கு இங்கே இருக்கும் ஆறு மாநகராட்சி மண்டலமும் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். இதை எழுதுவது நாங்கள் இல்லை, டெஸ்க்தான் என்று தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் நாங்களும் அடித்து அனுப்பும்போது 'பிரபல ரவுடி' என்று போட்டு அனுப்புகிறோம், அப்போதுதான் இடம் கிடைக்கும் என்று தெரிந்து. அதனால் மன்றத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: இடத்தின் பெயரைத் தெரு வரைக்கும் எழுது, 'வடசென்னை' என்று பொதுவாக எழுதாதே, வழக்கு நிலுவையில் இருந்தால் அதை அப்படியே சொல், பட்டம் சூட்டாதே. டெஸ்க் மாற்றினால் மாற்றட்டும்.

2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய பிறகு, வடசென்னையில் கேரம் ஆடுகிறார்களாமே என்று ஆச்சரியப்பட்டு எழுதினார்கள். இங்கே தெருவுக்குத் தெரு போர்டு கிடக்கிறது, எத்தனையோ வருடமாக.

பிரஸ் மீட் வைக்கணும், அறை கிடைக்குமா?

கிடைக்கும், கரண்ட், சேர், மைக்குக்குச் சின்னக் கட்டணம் உண்டு. காலை பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் வையுங்கள். மாலை ஆறு மணிக்கு வைத்தால் பக்கம் முடிந்திருக்கும், வந்தவர்கள் மரியாதைக்காக வந்தவர்கள். பிரஸ் நோட் ஒரு பக்கம், தமிழில், யூனிகோடில் அனுப்புங்கள். போட்டோ எடுத்து அனுப்பிய காகிதத்தைத் திரும்ப அடிக்க யாருக்கும் நேரம் இல்லை. பேசுபவர்களின் பெயர், இனிஷியல், பொறுப்பு சரியாக இருக்கட்டும். மேடையில் பதினாறு பேர் உட்கார வேண்டாம்.

வந்தவர்களுக்குக் கவர் கொடுக்கணுமா?

வேண்டாம். டீ, பிஸ்கட் போதும். காசு வைத்த கவர் கேட்பவர் யாராக இருந்தாலும் செயலாளரிடம் சொல்லுங்கள், உறுப்பினர் என்றால் விசாரிப்போம், நீக்கியும் இருக்கிறோம். கொடுக்கிற பழக்கத்தை வளர்த்துவிட்டு வாங்குகிறார்கள் என்று குறை சொல்லும் கட்சிக்காரர்களுக்கும் இந்தப் பதில் சேரட்டும்.

என்னைப் பற்றித் தப்பாகச் செய்தி வந்துவிட்டது. உங்கள் உறுப்பினர்தான் எழுதினார். என்ன செய்ய?

முதலில் அந்தப் பேப்பரின் ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், எது தப்பு, எது சரி, ஆதாரம் என்ன என்று. எங்களுக்கும் ஒரு பிரதி தாருங்கள், சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுப் பேசுவோம். ஆனால் மறுப்பு போடும் அதிகாரம் எங்களிடம் இல்லை. ஆசிரியர் கண்டுகொள்ளவில்லை என்றால் டெல்லியில் இருக்கும் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள், மற்ற இதழ்கள் என்றால் நாலு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கேட்பார்கள், அதனால்தான் அதை முதலில் சொன்னேன். கவுன்சில் கண்டிக்கலாம், எச்சரிக்கலாம், அபராதம் போட முடியாது. டிவி சேனல்கள் அதன் கீழ் வராது.

மன்றத்தில் அப்படி என்னதான் நடக்கும்?

பெரும்பாலும் அரட்டை. அது போக மாதத்துக்கு ஒரு வகுப்பு நடத்தப் பார்க்கிறோம். அதிகம் கூட்டம் வருவது தகவல் உரிமைச் சட்ட வகுப்புக்கு: மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எப்படிக் கேள்வியை ஒடித்து ஒடித்துக் கேட்பது, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் பொறுப்பது, பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு என்று. "ஏன் சாலை போடவில்லை" என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சாலைக்கான ஒப்பந்த உத்தரவின் நகல் வேண்டும் என்று கேட்டால் வரும்.

சட்ட வகுப்பில் முக்கியமானது அடையாளம் காட்டாமல் எழுதுவது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர், பள்ளி, வீடு, அக்கம் பக்கம் என்று அடையாளம் தெரியும் எதையும் எழுதக் கூடாது. பெயரை மட்டும் மறைத்துவிட்டு, அப்பா என்ன வேலை செய்கிறார், எந்தத் தெரு, எந்த வகுப்பு என்று எல்லாம் எழுதிவிடுகிறார்கள். இந்த நெருக்கமான தெருக்களில் அது பெயரைச் சொன்னதற்குச் சமம். தற்கொலைச் செய்தியில் எப்படி நடந்தது என்று விவரிக்க வேண்டாம் என்று பத்திரிகை கவுன்சில் 2019-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, அதையும் படித்துக் காட்டுவோம்.

நவம்பர் 16 தேசியப் பத்திரிகை தினத்தன்று ஒரு கூட்டம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டுச் செய்தி குறையும், அந்த நேரத்தில் கேரம் போட்டி. போட்டோகிராபர்களே ஜெயிக்கிறார்கள்.

பெண் நிருபர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், குறைவு. தனிக் கழிப்பறை இருக்கிற அறையாகத் தேடிப் பிடித்தது அவர்கள் சொல்லித்தான், அதற்கு வாடகை கூடுதலானது, பரவாயில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். இரண்டு பேர் வைத்து நடத்தும் மாத இதழில் வேலை செய்யும் தங்கைக்கும் இது பொருந்தும். இதைத் தெரியாமல் வேலையை விட்டவர்கள் உண்டு.

வடசென்னைக்கும் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம், ஆபீஸ் எல்லாம் மவுண்ட் ரோடு பக்கம்தானே?

ஆரம்பம் இந்தப் பக்கம்தான். 1878 செப்டம்பர் 20-ல் 'தி இந்து'வின் முதல் இதழ் தங்கசாலைத் தெருவில் ஸ்ரீநிதி அச்சகத்தில் அடிக்கப்பட்டது, 80 பிரதி. அதைவிட எங்களுக்கு நெருக்கமானவர் திரு.வி.க. 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்துகொண்டே பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது கூட நின்றார். தலைவராக வந்த பி.பி. வாடியாவும் 'நியூ இந்தியா' பத்திரிகையில் இருந்தவர். மாநகராட்சியின் ஆறாவது மண்டலத்துக்கு திரு.வி.க. பெயர்தான், திரு.வி.க. நகர். பத்திரிகைக்காரன் சங்கம் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வோம். அந்த மில் 1990-களில் மூடப்பட்டுவிட்டது.

எந்தக் கட்சி நீங்கள்?

உறுப்பினர்களுக்கு அவரவர் கட்சி இருக்கலாம், சுவரில் எந்தத் தலைவர் படமும் மாட்டவில்லை. கட்சிக்காரர்கள் அன்பளிப்பாகத் தரும் ஃபேன், பீரோ, நாற்காலி எதையும் வாங்குவதில்லை, ஏனென்றால் பின்னால் பெயர் எழுதித்தான் தருகிறார்கள்.

கணக்கு வழக்கை யார் பார்க்கிறார்கள்?

1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு. வருடம் ஒரு பொதுக்குழு, அதில் வரவு செலவு வாசிக்கப்படும், பதிவாளருக்குப் போகும். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் ரசீதுப் புத்தகத்தைப் பார்க்கலாம். பார்க்கிறவர் குறைவு, கேள்வி கேட்கிறவர் அதிகம்.

மீடியா படிக்கிறேன், வந்து கற்றுக்கொள்ளலாமா?

வா தம்பி, வாங்க தங்கச்சி. ஸ்டேஷன் ரவுண்ட்ஸுக்கு முதல் நாளே அழைத்துப் போக மாட்டோம். முதலில் மண்டல அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்து தூங்காமல் குறிப்பு எடுக்க வேண்டும், அப்புறம்தான் மற்றது. சான்றிதழ் தருவதில்லை.

எப்போது வந்தால் ஆள் இருப்பீர்கள்?

மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை யாராவது செய்தி டைப் அடித்துக்கொண்டு இருப்பார்கள், அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவார்கள். காலை பத்தரைக்கு முன்னால் வாருங்கள், இல்லை என்றால் ராத்திரி ஏழுக்குப் பிறகு. மழை கொட்டும் நாளில் வர வேண்டாம், எல்லாரும் வெளியில்தான் இருப்போம்.